ஒரு ஜூல் போதும் ப்ரோ!

எலிப்பொறி கார் செஞ்சிருக்கீங்களா? "அதெல்லாம் ஸ்கூல் பசங்க வேலை"ன்னு சிரிக்கிறவங்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு வாக்குமூலம். மூணாம் வருஷ மினி ப்ராஜெக்டை நான் காசு கொடுத்து ரெடிமேடாக வாங்கினேன். வைவாவில் "இந்த கியர் ரேஷியோ ஏன்?" என்று கேட்டார்கள். முழிச்சேன். மார்க் வந்துச்சு, பதில் வரல.

அந்த உறுத்தலில் போன லீவில் எரியோட்டில் வீட்டுத் திண்ணையிலேயே ஒரு கார் செய்தேன். சின்ன எலிப்பொறி, பழைய சிடி நாலு, குடைக்கம்பி, நூல். நூலுக்கா பஞ்சம்? சுத்தி எல்லாம் ஸ்பின்னிங் மில்தானே!

பொறி என்னவோ 1894-ல் வில்லியம் ஹூக்கர் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய அதே ஸ்பிரிங் அமைப்புதான். அதில் இருக்கும் சக்தி ஏறத்தாழ 1 ஜூல். 100 கிராம் தக்காளியை 1 மீட்டர் தூக்கினால் தீர்ந்துவிடும். அதை எப்படிச் செலவு பண்ணுவது என்பதுதான் மொத்த விளையாட்டும்.

கணக்கு எளிது. கம்பி அரைவட்டம் சுற்றும்போது தன் நீளத்தைப் போல ரெண்டு மடங்கு நூலை இழுக்கும். 30 செ.மீ. கம்பி என்றால் 60 செ.மீ. நூல். 5 மி.மீ. அச்சில் அது சுமார் 38 சுற்று. 12 செ.மீ. சிடி சக்கரத்துக்கு 14 மீட்டருக்கு மேல். அதே கம்பியை 10 செ.மீ. ஆக வெட்டினால் 5 மீட்டர்கூட இழுக்காது. ஆனால் இழுவிசை மூணு மடங்கு, கிளம்பும்போதே சீறும். சக்கரம் வழுக்கினால் அதுவும் வீண். அதனால் சிடி விளிம்பில் பலூன் ரப்பர் மாட்டணும். வேகமும் தூரமும் ஒரே காரில் முழுசாகக் கிடைக்காது.

என் முதல் கார் கொஞ்ச தூரம் ஓடி சடக்கென்று நின்றது. காரணம்? நூலை அச்சில் முடிச்சுப் போட்டிருந்தேன். அவிழ்ந்து முடிந்ததும் அதுவே எதிர்ப்பக்கம் சுற்றி பிரேக் ஆகிவிட்டது. முடிச்சை எடுத்து, சும்மா கொக்கியில் மாட்டினேன். நூல் கழன்றதும் கார் தன்பாட்டுக்கு உருண்டு தெருவைத் தாண்டியது. இதைத் தப்பு பண்ணித்தான் கத்துக்கிட்டேன். வாங்கின ப்ராஜெக்டில் இந்தத் தப்பைப் பண்ணவே வாய்ப்பில்லை.

என் கோரிக்கை இதுதான்: முதல் வருஷ வொர்க்‌ஷாப்பில் ஒரு வாரம் இதுக்கு ஒதுக்குங்க. வேகத்துக்கு ஒரு போட்டி, தூரத்துக்கு ஒரு போட்டி. கிட் வாங்கத் தடை. கடைசியில் "ஏன் இந்த நீளம்?" என்று ஒரே கேள்வி.

"இதனால ப்ளேஸ்மென்ட் கிடைக்குமா?"ன்னு கேப்பீங்க. தெரியல மக்களே. ஆனா இன்டர்வியூல "ஏன்?"னு கேட்டா, என்னை மாதிரி முழிக்க மாட்டீங்க.

பொறியியல் என்ற சொல்லிலேயே பொறி இருக்கு. ஒண்ணு வாங்கி ஆரம்பிங்க. விரல் மட்டும் பத்திரம்!