பாணும் கொம்பனியும்

சென்ற கிழமை வகுப்பிலே இலத்தீன் வேர்ச்சொற்கள் சிலவற்றைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "செத்துப்போன மொழியை நாங்கள் ஏன் சேர் பாடமாக்க வேண்டும்?" என்றான். எனக்குக் கோபம் வரவில்லை. அவன் வயதில் நானும் அவ்வாறே எண்ணியவன். "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று வினவினேன். "பாணும் சம்பலும்" என்றான். "சம்பல் கிடக்கட்டும், பாண் இலத்தீன்" என்றேன். வகுப்புச் சிரித்தது.

சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. உரோமர் 'பானிஸ்' என்றதையே போர்த்துக்கேயர் தம் நாவிலே தேய்த்து நம்மிடம் தந்தனர். ஆங்கிலத்திற் 'கொம்பானியன்' என்னும் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். 'கொம்' என்பது கூட, எஞ்சியது பாண். கூடியிருந்து பாண் உண்பவனே தோழன். 'கொம்பனி' என்பதும் அதே வேரிற் பிறந்தது. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டது ஓர் அரசனன்று, ஒல்லாந்தரின் வணிகக் கொம்பனி. கூடியுண்ட அக்கூட்டத்தார் எவருடைய பாணை உண்டனர் என்பது வரலாற்று ஆசிரியர் விடைகூற வேண்டிய வினா.

இலத்தீன் ஆங்கிலத்திற் புகுந்த வழியும் இத்தகையதே. 1066ஆம் ஆண்டு நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு மொழியின் வாயிலாக அது பெருவாரியாக நுழைந்தது. பின்னர்ப் புலவர்தம் ஏடுகள் வழியாகவும் வந்தது. நம்மிடையே அது 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரோடும், அவர்க்குப் பின்வந்த ஒல்லாந்தரோடும் வந்தது. வென்றவன் சொல் தோற்றவன் அடுக்களையிற் புகுவதை ஆங்கிலேயனும் கண்டவன்தான்.

விசுக்கோத்து என்றால் இருமுறை வெந்தது. யன்னல், 'யானுவா' என்னும் வாயிலின் குட்டி. சனவரி மாதமும் வாயிற்கடவுளின் பெயரால் வந்ததே. இவற்றிலும் சுவையானது கந்தோர். என் பேரனார் தபாற் கந்தோர் என்பார்; இன்றைய பிள்ளைகள் அச்சொல்லைக் கேட்டால் விழிப்பர். ஒல்லாந்தர் அதனைப் பிரெஞ்சிலிருந்து பெற்றனர். அதன் மூலம் 'கொம்பியுத்தாரே', கணக்கிடுதல். வங்கியிலே நாம் வரிசையில் நிற்கும் கவுண்டரும், பையன் இரவிரவாகக் கண்விழிக்கும் கம்பியூட்டரும் அதே வயிற்றுப் பிள்ளைகள். பேரனாரின் கந்தோரும் பேரனின் கம்பியூட்டரும் உடன்பிறப்புக்கள்! 'புத்தாரே' என்பதன் ஆதிப்பொருள் கொப்புத் தறித்துச் சீராக்குதல். மருத்துவர் உறுப்பை வெட்டியகற்றுதலை 'அம்பியூட்டேஷன்' என்பதும் அதனாலேயே.

கதிரையைத் தள்ளி நாற்காலியை இடுக என்று தமிழன்பர் சிலர் நம்மை இடித்துரைப்பர். அவர்க்கு ஒன்று சொல்வேன். நாற்காலி என்னும் தமிழகத்தார் திறப்பைச் 'சாவி' என்கின்றனர். அது 'கிளாவிஸ்' என்னும் இலத்தீன். 2025ஆம் ஆண்டு மே மாதம் பாப்பரசரைத் தெரிவுசெய்யக் கர்தினால்மார் கூடியபோது பத்திரிகைகளிற் கண்ட 'கொன்கிளேவ்' என்பதன் உள்ளேயும் அந்தத் திறப்புத்தான் இருக்கிறது: பூட்டிய அறை. அவர்கள் தமிழ் ஓரிடத்தில் தூயது, நம் தமிழ் வேறோரிடத்தில். இதில் வழக்காட என்ன இருக்கிறது?

அலுமாரியைப் பற்றிச் சொல்லாது விடமுடியாது. 'ஆர்மா' என்பது கருவி, படைக்கலம். அவற்றை வைக்கும் பேழை 'ஆர்மாரியம்'. படைக்கலம் தாங்கியோரைக் குறிக்கும் 'ஆமி'யும் அவ்வேரிலிருந்தே வந்தது. இதைக் கூறியபோது வகுப்புச் சிரிக்கவில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் முடிவில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தபோது நான் பாடசாலை மாணவன். அம்மா அலுமாரியைப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். திரும்பி வந்தபோது அலுமாரி இல்லை. திறப்பு இன்றும் சுவாமியறை ஆணியிலே தொங்குகிறது. எறிய ஒருவர்க்கும் மனம் வரவில்லை.

மணி அடித்தபின் அந்த மாணவன் மேசையருகே வந்து, "நொத்தாரிசும் இலத்தீனோ, சேர்?" என்றான். வீட்டிலே காணி உறுதி எழுதும் அலுவல் நடக்கிறதாம். ஆம், அதுவும் ஒல்லாந்தர் வழி வந்த இலத்தீனே. 'நோத்தா' என்றால் குறி. ஆங்கிலத்து 'நோட்' அதன் பிள்ளை. பழைய உரோமாபுரியில் நொத்தாரிசு என்பவன் பிறர் பேசப் பேசச் சுருக்கக் குறிகளால் எழுதிக்கொள்பவன், பெரும்பாலும் அடிமை. இதனை உறுதி எழுதுபவரிடம் சொல்லிவிடாதே என்று அனுப்பிவைத்தேன்.