மழை பெய்தது எந்தத் தேதியில்?

ஸ்ரீவைகுண்டம் என்ற பெயரை 2023 டிசம்பரில் நாடு முழுவதும் கேட்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், 17ஆம் தேதி இரவு அந்த நிலையத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. நூற்றுக்கணக்கான பயணிகள் வெளியேற வழியின்றித் தவித்தனர். 19ஆம் தேதிதான் கடைசிப் பயணிகளும் மீட்கப்பட்டார்கள்.

இனி அந்த மழையின் கணக்கைப் பாருங்கள். காயல்பட்டினம் 95 செ.மீ., திருச்செந்தூர் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டம் 62 செ.மீ. இவை அனைத்தும் டிசம்பர் 18 என்ற தேதியில் பதிவானவை.

மாணவர்களே, இவ்விரு செய்திகளையும் ஒரு கணிப்பொறியிடம் கொடுத்து, தேதி வாரியாக அடுக்கச் சொன்னால் என்ன ஆகும்? 17ஆம் தேதி ரயில் நின்றது, 18ஆம் தேதி மழை பெய்தது என்று அது வரிசைப்படுத்தும். விளைவு முன்னே வந்துவிட்டது, காரணம் பின்னே போய்விட்டது! கணிப்பொறி கூட்டலில் தவறவில்லை. மழையை அளந்தவரும் தவறவில்லை. பின் தவறு எங்கே?

மழைமானியில் சேர்ந்த நீரை வானிலைத் துறையினர் ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு அளக்கிறார்கள். முந்தைய 24 மணி நேரத்தில் பெய்த மழை, அளந்த நாளின் தேதியில் எழுதப்படுகிறது. உலகப் பொது நேரம் 3 மணியாக இருக்கும்போது நம் கடிகாரம் 8.30 காட்டும். பல நாடுகளின் வானிலை நிலையங்கள் ஒரே கணத்தில் அளந்தால்தான் ஒப்பிட முடியும் என்பதால் இந்த ஏற்பாடு. ஆகவே '18ஆம் தேதி மழை' என்பது, 17ஆம் தேதி காலை 8.30 முதல் 18ஆம் தேதி காலை 8.30 வரை பெய்த மழை.

ஆக, 'நாள்' என்ற ஒரே சொல்லுக்குப் பல பொருள்கள் இருக்கின்றன. ரயில்வேயின் நாள் நள்ளிரவில் பிறக்கிறது. மழைமானியின் நாள் 8.30க்குப் பிறக்கிறது. பஞ்சாங்கத்தின் நாள் சூரிய உதயத்தில் பிறக்கிறது. விடியற்காலை 2 மணிக்குப் பெய்த மழையை நம் பாட்டி 'நேற்று ராத்திரி மழை' என்றுதான் சொல்வாள். மனிதர்கள் இடம் அறிந்து பொருள் கொள்கிறார்கள். கணிப்பொறிக்கு நாம் சொல்லிக் கொடுத்தாலொழியத் தெரியாது.

சொல்லிக் கொடுக்கும் வழி ஒன்று உண்டு. சி++, ஜாவா, பைத்தான் போன்ற மொழிகளில் பொருள்நோக்கு முறையில் நிரல் எழுதலாம். அதாவது, தரவையும் அதன்மீது செய்யத்தக்க செயல்களையும் ஒன்றாகக் கட்டி ஒரு 'பொருள்' ஆக்கலாம். ஒரே வகைப் பொருள்களுக்கான வார்ப்பை உங்கள் பாடநூல் 'இனக்குழு' என்று சொல்கிறது. காலத்தைக் குறிக்க எத்தனை இனக்குழுக்கள் வேண்டும்? குறைந்தது மூன்று வேண்டும் என்பது என் கருத்து. ரயில் நின்றது ஒரு கணம். உங்கள் பிறந்தநாள் ஒரு நாட்காட்டித் தேதி. மழைப் பதிவோ, தொடக்கமும் முடிவும் கொண்ட ஓர் இடைவெளி.

பெரிய நிபுணர்களும் இதில் தடுக்கி விழுந்ததுண்டு. 1996இல் வெளிவந்த ஜாவா மொழியில் 'டேட்' என்று ஓர் இனக்குழு இருந்தது. பெயர்தான் தேதி, உள்ளே இருந்தது 1970 ஜனவரி 1 முதல் கடந்த மில்லி விநாடிகளின் எண்ணிக்கை, அதாவது ஒரு கணம். அதில் மாதங்களைச் சுழியிலிருந்து எண்ணியதால் டிசம்பருக்கு எண் 11! 2014இல் வந்த ஜாவா 8தான் கணத்துக்கு 'இன்ஸ்டன்ட்', தேதிக்கு 'லோக்கல்டேட்' என்று தனித்தனி இனக்குழுக்களைத் தந்தது. இந்தப் பிரிவினைக்குப் பதினெட்டு ஆண்டுகள் பிடித்தன.

'அட்டவணையின் அடியில், காலை 8.30 வரை என்று ஒரு குறிப்பு எழுதினால் போதாதா?' என்று சிலர் கேட்கலாம். காகிதத்தில் போதும். ஆனால் எண்களை ஒரு நிரலிலிருந்து இன்னொரு நிரலுக்கு நகல் எடுக்கும்போது அடிக்குறிப்பு பின்தங்கிவிடுகிறது. தொடக்கத்தையும் முடிவையும் தன்னுள்ளேயே வைத்திருக்கும் மழைப் பொருளோ, எங்கே போனாலும் தன் விளக்கத்தைச் சுமந்து செல்லும். 'ரயில் நின்ற கணம் உனக்குள் அடங்குமா?' என்று கேட்டால், 'அடங்கும்' என்று விடை தரும்.

'நம் நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னே. அதைக் கூட்டினால் வேலை முடிந்தது' என்றும் சிலர் சொல்வார்கள். தூத்துக்குடிக்கு எதிர்க்கரையில் உள்ள இலங்கையைப் பாருங்கள். அங்கேயும் ஐந்தரை மணிதான் இருந்தது. 1996 மே மாதம் அதை ஆறரை ஆக்கினார்கள். அக்டோபரில் ஆறு ஆக்கினார்கள். 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்கே திரும்பினார்கள். 2000ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் பத்து மணி என்றால் கொழும்பில் பத்தரை. எனவே நிரலில் வெறும் எண்ணை எழுதுவதைவிட 'ஆசியா/கொழும்பு' என்று இடத்தின் பெயரை எழுதுவதே மேல். எந்த ஆண்டில் எந்த நேரம் வழங்கியது என்பதை உலகப் பொது அட்டவணை ஒன்றிலிருந்து கணிப்பொறி பார்த்துக்கொள்ளும்.

இவ்வளவு நுணுக்கம் மாணவர்களுக்குத் தேவையா? தேவை என்றே சொல்வேன். எத்தனை மணி நேரம் மழை பெய்த பிறகு தாமிரபரணி கரை மீறியது, எப்போது தண்டவாளம் அரிக்கப்பட்டது என்ற கணக்கிலிருந்துதான் அடுத்த வெள்ளத்துக்கான எச்சரிக்கையைத் தயாரிக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு நாள் நழுவினால், எச்சரிக்கை மக்களைச் சென்றடையும் முன் வெள்ளம் சென்றடைந்துவிடும்.

கணிப்பொறி வகுப்பில் தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற மூன்று எண்களாக நிரப்பக் கற்றுத் தருகிறோம். அதற்கு முன் ஒரு கேள்வியைக் கற்றுத் தர வேண்டும்: இது கணமா, தேதியா, இடைவெளியா? உங்கள் பள்ளித் தோட்டத்தில் ஒரு மழைமானி வையுங்கள். ஒரு மாதம் அளந்து, அதைப் பதிவு செய்ய ஓர் இனக்குழு எழுதிப் பாருங்கள். எந்தத் தேதியில் எழுதுவது என்று முதல் நாளே உங்களுக்குள் தகராறு வரும். வரட்டும், பாடம் அங்கேதான் தொடங்குகிறது.