செதுக்கியதா... ஊற்றியதா?

பெண்கள் பகுதியை ஒரு வாரம் விடாமல் படிக்கும் வாசகிகளில் நானும் ஒருத்தி. பிறந்தது அரியலூர். வாழ்க்கைப்பட்டது பெரம்பலூர் பக்கம். நான் ஏமாந்த கதையையும், அதில் என் பங்கு எவ்வளவு என்பதையும் சகோதரிகளிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, அப்போது பிடித்த செஸ் பைத்தியம் இன்னும் விடவில்லை. போன வருஷம் ஒரு போட்டியில் பரிசு வாங்கி வந்தவள், "அம்மா, போட்டியில எல்லாம் பிளாஸ்டிக் காய்தான். எனக்கு வீட்ல வச்சு ஆட, மரத்துல செதுக்கின செட் ஒண்ணு வேணும்மா" என்றாள். நியாயமான ஆசைதானே!

எங்கள் மாவட்டத்திலேயே, பச்சைமலை அடிவாரத்தில் அரும்பாவூர் இருக்கிறது. வாகை, மா, வேம்பு போன்ற மரங்களில் சாமி சிலை செதுக்குவதற்குப் பேர்போன ஊர். 2020-ல் அரும்பாவூர் மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பக்கம் சிற்ப வேலை செய்யும் ஒருவர் என் வீட்டுக்காரருக்குச் சிநேகிதர். நான் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் கேட்டேன்.

"செஸ் காய் நான் வழக்கமா செய்யறதில்லம்மா. பாப்பாவுக்காகச் செய்யறேன். 32 காய் இருக்கே, எட்டாயிரமாவது ஆகும்" என்றார்.

எட்டாயிரமா! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பார்த்துச் சொல்றேன் அண்ணே" என்று நழுவி வந்துவிட்டேன். அடுத்த மாதமே வெளியூரில் ஒரு கண்காட்சி. 'கையால் செதுக்கிய மரச் செஸ் காய்கள்' என்று அட்டை தொங்கியது. விலை இரண்டாயிரத்து ஐந்நூறு. பார்த்தால் அசல் மரம். ரேகைகூட ஓடியது. 'ஐயாயிரத்து ஐந்நூறு மிச்சம்' என்று மனசுக்குள் கணக்குப் போட்டபடி வாங்கி வந்தேன்.

இரண்டே மாதம்தான். ஒரு குதிரை மேஜையிலிருந்து சிமென்ட் தரையில் விழுந்து காது உடைந்தது. உடைந்த இடத்தில் மரமே இல்லை. சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது! என் மாமியார் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது செதுக்குனது இல்ல. ஊத்துனது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

குதிரையை எடுத்துக்கொண்டு, வெட்கத்தை விட்டு அந்த அண்ணனிடமே போனேன். அவர் சிரிக்கவில்லை. விளக்கமாகச் சொன்னார். முதலில் ஒரே ஒரு காயைச் செதுக்குவார்களாம். அதன்மேல் ரப்பர் அச்சு எடுத்து, ரெசின் என்கிற பிசினை மாவுத்தூளோடு கலந்து ஊற்றுவார்களாம். இறுகினதும் எடுத்து, மர நிறம் பூசினால் ஆயிற்று. ஒரு அச்சில் நூறு குதிரைகூட வரும்.

"செஸ் காயில பெரும்பாலும் கடைசல்லயே உருண்டு வந்துடும்மா. குதிரைத் தலை மட்டும் உளியிலதான் வரணும். ஒரு செட்டுக்கு நாலு குதிரை. வேலைக்காரன் கை தெரியறது அந்த நாலுலதான்" என்றார். செஸ் காய்களுக்குப் பேர்போன பஞ்சாப் மாநிலத்து அமிர்தசரசிலும் குதிரை செதுக்கத் தனித் தேர்ச்சி பெற்ற கைகாரர்கள் உண்டு.

"அப்போ இந்த ரெசினே தப்பா அண்ணே?" என்று கேட்டேன்.

"ஊத்துறது தப்பில்லம்மா. எம் பையனே 'அச்சுப் போடலாம்பா'ங்கிறான். ஊத்துனதை ஊத்துனதுன்னு சொல்லி விக்கட்டும். அதையே செதுக்குனதுன்னு சொன்னா, நாளைக்கு நெசமாவே செதுக்கறவன் கூலி கேட்கறப்போ எவன் குடுப்பான்? 'அங்க ரெண்டாயிரத்தி ஐந்நூறுக்குக் கிடைக்குதே'ன்னுதானே கேப்பாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. அவரிடம் வாய்விட்டுக் கேட்கவில்லையே தவிர, நான் மனசுக்குள் கேட்டதும் அதே கேள்விதான்!

சகோதரிகளே, நான் பிளாஸ்டிக்குக்கோ ரெசினுக்கோ எதிரி இல்லை. உலக செஸ் சம்மேளனமான ஃபிடேயின் விதிகளே போட்டிக் காய்கள் மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ அதுபோன்ற வேறு பொருளிலோ இருக்கலாம் என்கின்றன. கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளையும் செஸ் ஆடுகிறது என்றால் அது பிளாஸ்டிக் காயின் புண்ணியம். சின்ன வயசில் நாம் புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் வைத்து ஆடுபுலி ஆட்டம் ஆடவில்லையா? ஆட்டத்துக்கு எதுவும் போதும்.

பொருள் மாறுவதும் புதிதில்லை. ஒரு காலத்தில் யானைத் தந்தத்திலும் செஸ் காய் செதுக்கினார்கள். 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1986-ல் அதில் செய்த திருத்தமும் நம் நாட்டில் தந்த வியாபாரத்துக்குப் பூட்டுப் போட்டன. அதில் யாருக்கு நஷ்டம்? யானை பிழைத்தது. ஈட்டி மரத்தைக் காப்பாற்றத் தமிழ்நாட்டில் 1994-ல் தனிச் சட்டமே வந்தது. அதனால், அரிய மரத்துக்குப் பதில் வேறு பொருள் என்றால் நானும் கை தட்டுவேன். ஆனால் வாகையும் மாவும் வேம்பும் நட்டு வளர்க்கக்கூடிய மரங்கள். அவற்றுக்குப் பதில் ரெசின் வந்தால் பிழைப்பது காடு இல்லை, வியாபாரியின் லாபம்தான். மரக்காய் உடைந்தால் பசை போட்டு ஒட்டலாம், மிஞ்சினால் வெந்நீர் அடுப்புக்காவது ஆகும். ரெசின் காய் உடைந்தால் அதைத் திரும்ப உருக்கி வார்க்கவும் முடியாது, குப்பைதான்.

என் கோபமெல்லாம் அந்தப் பொய் அட்டையின் மேல்தான். எங்கள் மாவட்டத்துச் சாத்தனூரில், சுமார் 12 கோடி வருஷத்துக்கு முந்தைய மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. அதைப் பார்த்து 'மரம்' என்று ஏமாற்றாமல் 'கல்மரம்' என்றுதானே சொல்கிறோம்? கல்லாய்ப் போன மரத்துக்கு இருக்கிற நேர்மை, கடையில் தொங்குகிற அட்டைக்கு வேண்டாமா?

கருங்காலி மாலை விஷயத்தில் என்ன நடந்தது? மவுசு கூடியதும், சாயம் ஏற்றிய வேறு மரமெல்லாம் கருங்காலியாகிவிட்டது. கொலு பொம்மையிலும் இதே கதைதான். களிமண், காகிதக்கூழ் என்று சொல்லி எதைத் தருகிறார்கள் என்று நாம் கேட்பதே இல்லை.

அண்ணன் சொல்லிக் கொடுத்த சில அடையாளங்களை இங்கே எழுதுகிறேன். நாலு குதிரையையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். பிடரி மயிரின் கோடுகூட நாலிலும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள். கையால் செதுக்கியதில் சின்ன வித்தியாசமாவது இருக்கும். பக்கவாட்டில் மெல்லிய தையல்கோடு மாதிரி தெரிந்தால் அது அச்சு சேர்ந்த இடம். ஊசிமுனை அளவு காற்றுக்குமிழி ஓட்டை இருந்தாலும் அப்படித்தான். மர ரேகை மேலே ஒரு விதமாகவும் பக்கத்தில் ஒரு விதமாகவும் தெரிய வேண்டும். சுற்றிலும் ஒரே மாதிரி ஓடினால் அது பெயிண்ட்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பில்லில் 'மரம்' என்றும், என்ன மரம் என்றும் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினாலே பாதி விஷயம் புரிந்துவிடும். பொய் சொல்லி விற்றால் 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் செய்யலாம். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். எனக்கு இது தெரிந்தபோது கண்காட்சி முடிந்து பந்தலே பிரித்தாகிவிட்டது. பில்லும் வாங்கவில்லை. யாரைப் போய்க் கேட்பது?

காது உடைந்த குதிரைக்குப் பதில் ஒரு குதிரை மட்டும் செதுக்கித் தரச் சொன்னேன். வாகை மரத்தில் செய்து கொடுத்தார். இந்தத் தடவை அவர் சொன்ன கூலியைக் குறைத்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பலகையில் மற்ற காய்களோடு நிறம் சேராமல் அது ஒன்று மட்டும் தனியாகத் தெரிகிறது. "மாத்திடலாமா?" என்று கேட்டால் மகள் விடுவதாயில்லை. "இதுதாம்மா நெசக் குதிரை" என்கிறாள்.

நாம் கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசுகிறோம், பெரிய கடையில் ஒட்டியிருக்கிற விலையை அப்படியே கொடுக்கிறோம். கைவேலைக்காரரிடமும் அதேதான் செய்கிறோம். பேரம் பேச வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் 'இது எதில் செய்தது? யார் கையால் செய்தது?' என்று ஒரு வார்த்தை கேட்போம். நாம் கேட்க ஆரம்பித்தால் அட்டைகள் தானாக உண்மை பேசும். என்ன தோழிகளே, நான் சொல்வது சரிதானே?

– ஒரு வாசகி,
பெரம்பலூர் மாவட்டம்.