கலியாண இறுவட்டை மாற்றக் கொடுக்காதீர்கள்

யாழ்ப்பாணத்தில் கலியாண வீடியோ எடிட் செய்தவன் நான். 2002இல் ஏ-9 வீதி திறந்த பிறகு எங்களிடம் வந்த குடும்பங்களில் வெளிநாட்டில் ஆள் இல்லாத குடும்பம் அரிது. அண்ணனுக்கு அகதி வழக்கு முடியவில்லை, பெரியம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. அவர்கள் அந்தக் கலியாணத்தைக் கண்டதே டிவிடியில்தான். அதில் பலகாரத் தட்டோடு நடந்து வரும் அம்மம்மாக்கள் பலர் இன்று இல்லை. பந்தல் போட்ட சில வீடுகளும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

லண்டனுக்கு அனுப்பிய இறுவட்டு ஓடும், பாரிஸுக்கு அனுப்பியதும் ஓடும். ரொறன்ரோவிலிருந்து மட்டும் தொலைபேசி வரும்: பிளேயர் ஏற்கவில்லை, அல்லது படம் கறுப்பு வெள்ளையாக உருள்கிறது. ‘லொக் போட்டிருக்கிறீர்களா?’ என்று கேட்பார்கள். பிராந்தியப் பூட்டு என்பது படக் கம்பனிகள் தங்கள் டிவிடிகளுக்குப் போடுவது. இலங்கைக்கு 5, கனடாவுக்கு 1. வீட்டிலும் ஸ்டூடியோவிலும் எழுதிய இறுவட்டில் அந்தப் பூட்டு இருப்பதில்லை.

சிக்கல் மின்சாரத்திலிருந்தே தொடங்குகிறது. எங்கள் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, வட அமெரிக்காவில் 60. அதை ஒட்டி எங்கள் ‘பால்’ (PAL) தொலைக்காட்சி முறை நொடிக்கு 25 சட்டகங்களையும், அவர்களின் என்.டி.எஸ்.சி. முறை ஏறத்தாழ 30ஐயும் எடுத்துக்கொண்டன. டிவிடியில் எங்கள் படத்துக்கு 576 கோடுகள், அவர்களுடையதற்கு 480. எங்கள் பக்கத்துப் பிளேயர்களில் பெரும்பாலானவை இரண்டையும் ஓட்டின. அங்கே விற்ற பல பிளேயர்களோ தங்கள் முறையைத் தவிர வேறெதையும் அறியாதவை.

அதனால் ‘கனடாக் கொப்பி’ என்று தனியாக ஒன்று செய்து கொடுத்தோம். 25ஐ 30 ஆக்க, நொடிக்கு ஐந்து சட்டகங்களை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். மென்பொருள் பக்கத்துச் சட்டகத்தையே திரும்பக் காட்டும், அல்லது இரண்டைக் கலந்து புதிதாக ஒன்றைச் செய்யும். அசையாமல் இருக்கும் மணமக்களில் அது தெரியாது. தவில்காரரின் கையைப் பாருங்கள்: விரல்கள் இரட்டையாகத் தெரியும், கை விட்டுவிட்டுத் துள்ளும். அதோடு 96 கோடுகளும் குறைந்துபோகும். டிவிடிக்காக ஏற்கெனவே சுருக்கிய படத்தை இன்னொரு தடவை சுருக்க வேண்டியிருப்பதால் முகங்களில் கட்டம் கட்டமாகத் திட்டுகள் விழும்.

அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று நிச்சயமாக இருக்கிறது. கணினிக்கு 25உம் ஒன்றுதான், 30உம் ஒன்றுதான். விஎல்சி போன்ற இலவச மென்பொருள் இரண்டையும் ஓட்டும். ஆனாலும் புலம்பெயர் ஊர்களில் பழைய டிவிடியைக் கடையில் கொடுத்து ‘மாற்றி’ வாங்கிக்கொண்டு, அசலைக் குப்பையில் போடும் பழக்கம் பரவியிருக்கிறது. இதை எண்ணி நான் உண்மையிலேயே வருந்துகிறேன். காசு கொடுத்துப் படத்தைக் கெடுக்கிறோம். கெட்டதை மட்டும் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்கிறோம்.

செய்ய வேண்டியது மிக எளிது. இறுவட்டைக் கணினியில் போட்டு, உள்ளே ‘வீடியோ_டிஎஸ்’ என்றிருக்கும் கோப்புறையை முழுமையாக, எதையும் தொடாமல், வன்தட்டில் நகலெடுங்கள். இரண்டு வன்தட்டுகளில் வைத்தால் நல்லது. வட்ஸ்அப்பில் அனுப்பச் சிறிய பிரதி வேண்டுமென்றால் அந்த நகலிலிருந்து செய்துகொள்ளுங்கள். தள்ளிப்போட வேண்டாம். வீட்டில் எழுதும் இறுவட்டில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெயிலும் வெப்பமும் அதை அரிக்கும். அலுமாரியில் பத்திரமாகத்தானே இருக்கிறது என்று நம்பியிருக்க முடியாது.

என் தொழில்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று கமெராவில் படம்பிடித்த மினி-டிவி (MiniDV) நாடாக்கள் இன்னும் சில ஸ்டூடியோக்களின் பெட்டிகளில் கிடக்கின்றன. டிவிடிக்குச் சுருக்குவதற்கு முந்திய படம் அவற்றில்தான் இருக்கிறது. ஒரு மணிநேர நாடா ஏறத்தாழ 13 ஜிபி. இன்றைய வன்தட்டில் அது ஒரு மூலைக்கும் காணாது. நாடா ஓடும் கமெரா பழுதாக முன்னர் அவற்றைக் கணினியில் ஏற்றுங்கள். பழைய பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் தொலைபேசி எண் இருக்கும். அந்தக் குடும்பங்களைக் கூப்பிட்டு, அவர்களுடையதை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.