தென்னை வாடல் நோயும் ஊராரின் கடமையும்

தென்னந்தோப்பு உடையவர்களில் பலர், பட்டுப்போன மரத்தை வெட்டி அப்புறப்படுத்திவிட்டால் நோயும் அதனுடன் ஒழிந்ததென எண்ணுகின்றனர். தஞ்சாவூர் வாடல் என வழங்கும் அடித்தண்டழுகல் நோய் தோப்பு விட்டுத் தோப்பு பரவுவதற்கு இவ்வெண்ணமே பெரிதும் துணை செய்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

1952ஆம் வருஷத்தில் தஞ்சாவூர் ஜில்லாவில் இந்நோய் கண்டறியப்பட்டது. கானோடெர்மா என்னும் பூசணம் மண்ணிலிருந்து வேர் வழியாகப் புகுந்து அடிமரத்தை அழிக்கின்றது. அடிமரத்து வெடிப்புகளில் செம்பழுப்பு நிறமான சாறு கசிவதையே குடியானவர் முதல் அடையாளமாகக் காண்கிறார். ஆனால் அதற்கு முன்னரே வேர்களில் பெரும்பகுதி அழுகியிருக்கும். பின்னர் அடிமட்டைகள் தொங்கும், காய்ப்புக் குன்றும், இறுதியில் அடிமரத்தில் தட்டுப் போன்ற காளான் முளைக்கும்.

மரத்தைத் தரைமட்டமாக வெட்டியபின் எஞ்சும் கட்டையிலும் வேரிலும் இப்பூசணம் நெடுங்காலம் உயிர்வாழ வல்லது. வேரோடு வேர் உரசுவதாலும், நோயுற்ற பாத்தியிலிருந்து ஓடும் நீராலும் அது அடுத்த மரத்தைச் சேர்கிறது. வரப்பும் பட்டாவும் அதற்குத் தெரியா. 2018ஆம் வருஷத்துக் கஜாப் புயலில் எண்ணற்ற மரங்களை இழந்து, மறுபடியும் கன்று நட்டவர்கள் இதனைச் சிறப்பாகக் கருதுதல் வேண்டும்.

கட்டையைத் தோண்டக் கூலி அதிகம் என்றும், சாறு வடியும் மரமும் சில குலைகள் தருகின்றதே என்றும் சிலர் கூறுவர். அச்சில குலைகளின் விலையையும், சுற்றிலும் உள்ள மரங்கள் இனித் தரவேண்டிய பலனையும் ஒப்பிட்டுப் பார்த்தால் எது சிக்கனம் என்பது விளங்கும்.

ஆகையால் பட்ட மரத்தை வேருடன் அகழ்ந்து எரிக்க வேண்டும். நோயுற்ற மரத்தைச் சுற்றி அகழி வெட்டி, அதன் பாத்தி நீர் பிற மரங்களுக்குப் போகாமல் தடுக்க வேண்டும். நோய் ஆரம்பித்த மரத்தைச் சுற்றி நூற்றுக்கு ஒரு பங்கு போர்டோக் கலவை 40 லிட்டர் ஊற்றலாம். 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை வேறு 50 லிட்டர் நீரிலும் கரைத்து, துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்குக. இரும்புப் பாத்திரம் ஆகாது. துலக்கிய கத்தியை அதில் தோய்த்தால் செம்பு படியுமாயின் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். மரம் ஒன்றுக்கு வருஷம் 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுவதும், கோடையில் நீர் குறையாமல் காப்பதும், ஊடே வாழை பயிரிடுவதும் நலம். கட்டையை விட்டுவைத்து மருந்தை மட்டும் நம்புவது வீண் செலவே.

சென்னை மாகாணத்தில் 1919ஆம் வருஷத்திலேயே பயிர்ப்பூச்சிகளையும் நோய்களையும் தடுக்கச் சட்டம் இயற்றப்பட்டது. ஒருவர் நிலத்து நோய் ஊரார் அனைவருக்கும் நஷ்டம் என்பதே அதன் அடிப்படை. எனினும் சட்டத்தைக் காட்டி அச்சுறுத்துவதினும், கிராம அதிகாரிகள் தோப்புக்காரர்களை ஒருங்கே கூட்டி, கோடையில் ஒரு வாரத்தைக் குறித்து, ஊர் முழுவதிலும் பட்ட கட்டைகளை ஒருமிக்க அகழச் செய்வதே சாலச் சிறந்தது. ஆள் வைக்க வசதியற்ற சிறு நிலக்காரருக்கு அயலார் கை கொடுப்பாராயின், அவ்வுதவி தம் தோப்புக்கே செய்துகொண்ட காவலாகும்.