ஹலால் என்பதோடு நின்றுவிடலாமா?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை வட்டாரத்தில் நம் குடும்பங்கள் பலவற்றின் இரவுணவு பிரானூர் பார்டரில்தான். புரோட்டாவும் கோழியும் இலைக்கு வருமுன், இறைச்சி ஹலாலா என்று விசாரிக்கிறோம். அது நம் கடமை. ஆயினும் அல்குர்ஆன் உணவைப் பற்றிக் கூறுமிடத்தில் ஹலாலுடன் 'தய்யிப்' என்னும் சொல்லையும் சேர்த்தே கூறுகிறது. தூயது, நன்மையானது என்பது அதன் பொருள். இந்த இரண்டாம் கேள்வியும் நம் வீடுகளில் கேட்கப்பட வேண்டும் என்பதே எமது கருத்து.

அல்லாஹ் நம் குடலுக்குள் அமைத்திருக்கும் உலகை எண்ணிப் பாருங்கள். மனித உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் உள்ளதாக 2016ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அவற்றில் மிகப் பெரும்பான்மை பெருங்குடலில் வாழ்கின்றன. நம்மால் செரிக்க இயலாத நார்ச்சத்தே அவற்றின் உணவு. அதை நொதிக்கச் செய்து அவை உண்டாக்கும் அமிலங்கள் குடற்சுவருக்கு ஊட்டமளிக்கின்றன. பசி அடங்கியதை மூளைக்கு உணர்த்தி, இன்சுலின் சுரப்புக்கும் துணைநிற்கும் ஜிஎல்பி-1 என்னும் ஹார்மோனையும் அவை தூண்டுகின்றன.

மைதாவோ, தவிடும் முளையும் நீக்கப்பட்ட கோதுமை மாவு. அதில் நார்ச்சத்து மிகக் குறைவு. நார்ச்சத்து கிடைக்காத பாக்டீரியாக்கள், குடற்சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்குவதை எலிகளில் நடந்த ஆய்வு காட்டியுள்ளது. மக்தபுக்கு வரும் பிள்ளைகளில் சிலர், முந்தைய இரவில் மிஞ்சிய புரோட்டாவையே காலையிலும் உண்டு வருவதைக் காண்கிறோம். நமது கவலை அங்கேதான்.

இதற்கான மாற்று நம் அடுப்படியிலேயே இருக்கிறது. ரமளானில் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியின் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் அந்த நுண்ணுயிரிகளுக்கு நல்ல தீனி. அக்கஞ்சியை ஒரு மாதத்தோடு ஏன் மறக்க வேண்டும்? நம் முன்னோரின் பழைய சோற்றில், இரவு முழுவதும் ஊறும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. குடல் நோயாளிகளுக்கு அது பயன்படுமா என்று சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரி ஆராய முன்வந்தது. சர்க்கரை நோயுள்ளோர் மட்டும் மருத்துவரிடம் கேட்டு, அளவறிந்து உண்க.

சாரல் காலத்தில் ஒருநாள் குடும்பத்தோடு புரோட்டா உண்பதை நாம் குறை கூறவில்லை. அது வாரத்தின் பாதி இரவுகளாகிவிடுவதையே வேண்டாம் என்கிறோம். வீட்டில் கீரை, பயறு, காய்கறி நாள்தோறும் இடம்பெறட்டும். வலீமா விருந்திலும் பிரியாணியோடு காய்கள் நிறைந்த தால்சா தாராளமாகப் பரிமாறப்படட்டும். எதை உண்டாலும், வயிற்றில் உணவுக்கு ஒரு பங்கு, நீருக்கு ஒரு பங்கு, மூச்சுக்கு ஒரு பங்கு என்ற நபிவழியைப் பேணுவோம்.

உடலும் அமானிதமே. ஹலாலானதை மட்டுமன்றி, தய்யிபானதையும் தேர்ந்து உண்ணும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.