கையும் அறிவும்

அறிவெல்லாம் தலையிலேயே குடிகொண்டுள்ளதென நாம் எண்ணுகின்றோம். ஜெர்மனி நாட்டுப் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு அவ்வெண்ணத்தை அசைக்கின்றது. அவர்கள் சமைத்த இயந்திரக் கையின் விரல்கள் மெத்தென்ற சிலிக்கோனால் ஆனவை. காற்றை உட்செலுத்த வளைவன. கண்ணின் துணையும் தொட்டுணரும் கருவியின் துணையுமின்றி, முன்வகுத்த அசைவுகளைக் கொண்டே, அது சிறு கட்டையொன்றைத் தன்னுள் வைத்துத் திருப்புகின்றது. கட்டையின் அளவும் எடையும் ஓரளவு மாறினும் அவ்வசைவுகளே போதும். காரணம் யாது? மெல்விரல் பொருளுக்கு இணங்கி வளைந்து, சிறு பிழைகளைத் தானே சரிசெய்கின்றது. இரும்பு விரலுக்கோ இம்மியும் தவறாத கணக்கு வேண்டும்.

ஆகவே, திறமையில் ஒரு பங்கு கையிலேயே உறைகின்றதெனத் துணிகின்றோம். அங்ஙனமாயின், ஏடு பயிலும் நாம், நெய்வாரையும் வனைவாரையும் அறிவிலாரென இகழ்தல் தகுமோ?